பாதைமாற்றி சொன்னபடி கேட்காதபோது: கணினி மாதிரி ரயில்பாதைக்கான பிழை நீக்கும் வழிமுறை

கணினிக்குள் ஓடும் மாதிரி ரயில்பாதையில் வண்டியைக் கிளப்புவதும் வேகம் கூட்டுவதும் நிறுத்துவதும் முதல் நாளிலேயே கைவந்துவிடும். வண்டி எந்தத் தடத்தில் போக வேண்டும் என்பதை முடிவுசெய்யும் பாதைமாற்றிகளை, அதாவது ரயில்வே ஊழியர்கள் ‘பாயிண்ட்’ என்று குறிப்பிடும் அமைப்பை, நிரலின் வழியே இயக்கத் தொடங்கும்போதுதான் குழப்பங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. கட்டளை எங்கோ காணாமற்போகும். திரையில் தடம் மாறியிருக்க, வண்டி பழைய தடத்திலேயே போய்க்கொண்டிருக்கும். நேற்று ஒழுங்காக ஓடிய நிரல் இன்று தடம்புரள வைக்கும். கண்ணுக்குத் தெரியும் குறியிலிருந்து காரணத்தைத் தேடிப் போகும் வழியைக் கீழே குறிவாரியாக எழுதியிருக்கிறேன்.

இங்கே வரும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வேர்தான். பாதைமாற்றி ஒவ்வொன்றையும் பற்றி மூன்று செய்திகள் உண்டு. அதை எப்படி இருக்கச் சொன்னோம் என்பது முதலாவது. பக்கம் மாறி நகர்ந்து வண்டியைத் திருப்பும் அதன் நாக்குத் தண்டவாளம் இந்தக் கணத்தில் உண்மையில் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்பது இரண்டாவது. அது எப்படி இருப்பதாக நம் நிரல் நம்பிக்கொண்டிருக்கிறது என்பது மூன்றாவது. இவற்றை முறையே கட்டளை, நிலை, பதிவு என்று அழைக்கிறேன். மூன்றுக்கும் சேர்த்து ஒரே மாறியை வைத்து எழுதிய நிரல், எல்லாம் நல்லபடி நடக்கும்வரை நல்லபடி நடக்கும். பிசகு நேர்ந்த அன்று எங்கே பிசகியது என்று சொல்ல அதனிடம் தடயமே இருக்காது. மாதிரி ரயில்பாதை ஆர்வலர்கள் பரவலாகப் பயன்படுத்தும் இலவச மென்பொருளான ஜேஎம்ஆர்ஐ, ஒவ்வொரு பாதைமாற்றிக்கும் ‘கட்டளையிட்ட நிலை’, ‘அறிந்த நிலை’ என இரண்டைத் தனித்தனியே வைத்திருக்கிறது. நேர், கிளை என்ற இரண்டு மதிப்புகளோடு ‘தெரியாது’, ‘முரண்’ என்ற இரண்டையும் சேர்த்து நான்காக வைத்திருக்கிறது. சொந்தமாக நிரல் எழுதுகிறவர்களும் இந்தப் பிரிவை முதல் நாளிலேயே செய்துகொள்வது நல்லது.

தேடத் தொடங்கும் முன் ஒரே ஒரு ஏற்பாடு தேவை. கட்டளை உருவான நேரம், அது நிரலைவிட்டு வெளியேறிய நேரம், பாதைமாற்றியின் நிலையையோ வண்டியின் வருகையையோ அறிந்து சொல்லும் உணரி பதில் சொன்ன நேரம் ஆகிய மூன்றையும் மில்லி விநாடித் துல்லியத்தோடு ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். இந்தக் கோப்பு இல்லாமல் செய்யும் தேடல் ஊகமாகவே முடியும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றிப் பிழை மறைந்தால், எது மறைத்தது என்று தெரியாமலே அது திரும்பி வரும்.

குறி: கட்டளை போகிறது, எதுவுமே அசையவில்லை

முதலில் நிரலை ஒதுக்கிவிட்டு, ரயில்பாதையைக் கணினியில் ஓட்டிக்காட்டும் மென்பொருளான சிமுலேட்டரின் திரையில் அந்தப் பாதைமாற்றியைக் கையால் சொடுக்கிப் பாருங்கள். கையால் திரும்பினால் தடமும், கட்டளையைப் படித்துப் பாதைமாற்றியை இயக்கும் டிகோடரும் நலமாக இருக்கின்றன; குறை நிரலுக்கும் சிமுலேட்டருக்கும் இடையில் இருக்கிறது. கையாலும் திரும்பவில்லை என்றால் தடத்துக்கு மின்சாரம் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்சாரம் நிறுத்தப்பட்ட நிலையிலேயே தொடங்கும் சிமுலேட்டர்கள் உண்டு. மாதிரி ரயில்களைத் தயாரிக்கும் மார்க்லின் நிறுவனத்தின், கணினியை ரயில்பாதையோடு இணைக்கும் 6050, 6051 இடைமுகங்களைப் பின்பற்றும் சிமுலேட்டர்களில் 96 என்ற ஒற்றை பைட் மின்சாரத்தைத் தருகிறது, 97 அதை நிறுத்துகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நிகழ்நேர நிரலாக்கப் பாடம் மார்க்லின் ரயில்களைக் கொண்டு நடத்தப்படுவதால், இந்தக் கட்டளைத் தொகுதியை மாணவர்கள் பலர் அறிந்திருப்பார்கள். நானும் எடுத்துக்காட்டுகளுக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன்.

மின்சாரமும் இருக்கிறது என்றால், வெளியே போகும் பைட்டுகளை எண்களாக அச்சிட்டுப் பாருங்கள். அந்தத் தொகுதியில் 33 என்பது நேர்த் தடம், 34 என்பது கிளைத் தடம். கட்டளை முதலிலும் பாதைமாற்றியின் எண் அடுத்ததாகவும் போக வேண்டும். எண்ணை முதலில் அனுப்புவது ஒரு தவறு. 33 என்ற மதிப்பை ஒரு பைட்டாக அனுப்பாமல் ‘3’, ‘3’ என்ற இரண்டு எழுத்துகளாக அனுப்பிவிடுவது அதைவிடப் பரவலான தவறு. அப்படிச் செய்தால் வெளியே போவது 51, 51 என்ற இரண்டு பைட்டுகள்; அச்சிட்ட பட்டியலில் 51 திரும்பத் திரும்ப வருமானால் காரணம் கிடைத்துவிட்டது.

நிரல் முடியும் தருணத்தில் எல்லாப் பாதைமாற்றிகளும் ஒரே நேரத்தில் படபடவென்று திரும்பினால், பைட்டுகள் வெளியேறாமல் இடைச் சேமிப்பில் தேங்கியிருந்தன என்று பொருள். ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் அந்தச் சேமிப்பை வெளியே தள்ளிவிடும்படி எழுத வேண்டும்.

ஜேஎம்ஆர்ஐயில் இதே குறி தோன்றினால் பாதைமாற்றியின் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். ‘ஐடி’ என்று தொடங்கும் பாதைமாற்றி மென்பொருளுக்குள் மட்டும் வாழ்வது. அதற்கிட்ட கட்டளை எந்த இணைப்பின் வழியாகவும் வெளியே போகாது. ரயில்பாதைக் கருவிகளை ஒன்றோடொன்று சேர்க்கும் லோகோநெட் இணைப்புக்குரிய பெயர் ‘எல்டி’ என்று தொடங்க வேண்டும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே திரும்பிக் காட்டும் என்பதால்தான் இது எளிதில் பிடிபடுவதில்லை.

குறி: வேறொரு பாதைமாற்றி திரும்புகிறது

இதில் இரண்டு வகை உண்டு. எப்போதும் தவறு நடக்கிறதா, எப்போதாவது நடக்கிறதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

எப்போதும் நடந்தால் அது எண்ணிக்கைப் பிழை. கேட்ட எண்ணுக்கும் திரும்பிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்தால் போதும். வித்தியாசம் 1 என்றால், நிரலின் பட்டியல் 0-இலிருந்தும் தடத்தின் எண்கள் 1-இலிருந்தும் தொடங்குகின்றன. வித்தியாசம் 4 என்றால் காரணம் கொஞ்சம் ஆழமானது. தண்டவாளத்தின் வழியே எண்முறைக் கட்டளைகளை அனுப்பும் டிசிசி முறையில் பாதைமாற்றிகளுக்கான அடிப்படை டிகோடர் ஒவ்வொன்றும் நான்கு பாதைமாற்றிகளைத் தாங்குகிறது. டிகோடரின் முகவரி 9 பிட்டுகளில் அடங்குகிறது. 511 டிகோடர்களுக்கு நான்கு வீதம் 2044 பாதைமாற்றிகள். 13-ஆம் பாதைமாற்றி என்பது நான்காம் டிகோடரின் முதல் வாய். ஆனால் சில கருவிகள் டிகோடர்களை 1-இலிருந்தும் சில 0-இலிருந்தும் எண்ணுகின்றன. ஒரு பக்கம் ஒரு வழியிலும் மறுபக்கம் மற்ற வழியிலும் எண்ணினால், 13-ஐக் கேட்டவருக்கு 9 அல்லது 17 திரும்பும். இந்த நான்கின் இடைவெளியை அறியாமல் நான் இரண்டு மாலைப் பொழுதுகள் தட வரைபடத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்திருக்கிறேன். வரைபடத்தில் எந்தக் குறையும் இருக்கவில்லை. திருத்தத்தை ஒரே இடத்தில், கட்டளை வெளியேறும் வாயிலில் மட்டும் செய்யுங்கள். நிரலின் நடுவே ஆங்காங்கே நான்கைக் கூட்டியும் கழித்தும் வைத்தால் அடுத்த மாதம் யாருக்கும் விளங்காது.

எப்போதாவது மட்டும் நடந்தால் அது வேறு நோய். நிரலுக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியே ஓடும் பகுதிகளான த்ரெட்டுகளில் இரண்டு ஒரே இணைப்பில் எழுதுகின்றனவா என்று பாருங்கள். ஒன்று 7-ஆம் பாதைமாற்றியைக் கிளைக்குத் திருப்ப 34, 7 என்று அனுப்புகிறது. மற்றது 24-ஆம் வண்டிக்கு வேகம் 10 தர 10, 24 என்று அனுப்புகிறது. இரண்டும் கலந்து 34, 10, 7, 24 என்ற வரிசையில் போய்ச் சேர்ந்தால், 10-ஆம் பாதைமாற்றி கிளைக்குத் திரும்பும். 24-ஆம் வண்டி வேகம் 7-இல் ஓடும். 7-ஆம் பாதைமாற்றி அசையாது. ஒரே கணத்தில் பாதைமாற்றி ஒன்று தவறாகத் திரும்பி, வண்டியின் வேகமும் எதிர்பாராமல் மாறுமானால், இந்தக் கலப்பைத் தவிர வேறு காரணத்தைத் தேட வேண்டியதில்லை. இணைப்பில் எழுதும் உரிமை ஒரே ஒரு த்ரெட்டுக்கு மட்டும் இருக்க வேண்டும். ஒரு கட்டளையின் இரண்டு பைட்டுகளும் பிரிக்க முடியாத ஒரே பொதியாக அதனிடம் வர வேண்டும்.

குறி: நேர் என்றால் கிளை, கிளை என்றால் நேர்

ஒரே ஒரு பாதைமாற்றி மட்டும் இப்படி நடந்தால் அதன் அமைப்பில் தலைகீழாக்கும் தேர்வை மாற்றிவிடலாம். எல்லாமே இப்படி நடந்தால் ஒவ்வொன்றாகத் தலைகீழாக்காதீர்கள். 33-ம் 34-ம் நிரலில் இடம்மாறி எழுதப்பட்டிருக்கும். இரண்டு பக்கமும் வளைந்து பிரியும் பாதைமாற்றியில் ‘நேர்’ என்பதற்குப் பொருளே இல்லை. அங்கே வரைபடத்தில் இடம், வலம் என்று குறித்து, எது 33 என்பதைக் கையால் சோதித்து எழுதி வைக்க வேண்டும்.

குறி: தனித்தனியே அனுப்பினால் திரும்புகின்றன, கூட்டமாக அனுப்பினால் சில விட்டுப்போகின்றன

நிரல் தொடங்கும்போது எல்லாவற்றையும் ஒரு சுழற்சியில் நேராக்க முயலும் இடத்தில் இது தெரியவரும். கணக்கைப் பார்ப்போம். மார்க்லின் இடைமுகத்தின் வேகம் விநாடிக்கு 2400 பிட். தொடக்க பிட் ஒன்று, தரவு எட்டு, நிறுத்த பிட் இரண்டு என ஒரு பைட்டுக்கு 11 பிட்டுகள் போகின்றன. ஆகவே ஒரு பைட்டுக்கு ஏறத்தாழ 4.6 மில்லி விநாடி, இரண்டு பைட்டுக் கட்டளைக்கு ஏறத்தாழ 9 மில்லி விநாடி. 22 பாதைமாற்றிகளுக்கான கட்டளைகள் 0.2 விநாடியில் கம்பியைக் கடந்துவிடும். ஆனால் ஒவ்வொரு பாதைமாற்றியின் மின்காந்தச் சுருளும் நாக்கை இழுத்து மறுபக்கம் சேர்க்க அதைவிடப் பல மடங்கு நேரம் கேட்கிறது. மெய்யான தடத்தை நேர்மையாகப் பின்பற்றும் சிமுலேட்டர் இந்த நேரத்தையும் கணக்கில் வைத்திருக்கும். முந்தைய வேலை முடியாமல் வந்த கட்டளையை அது விட்டுவிடுவதும் உண்டு.

மார்க்லின் கட்டளைத் தொகுதியில் சுருளுக்குப் போகும் மின்சாரத்தை அணைப்பதும் நம் பொறுப்பு. 32 என்ற ஒற்றை பைட் அதற்காகவே இருக்கிறது. மெய்யான தடத்தில் இதை மறந்தால் சுருள் சூடேறிக் கருகும். சிமுலேட்டரில் கருகாது என்பதற்காக விட்டுவிடும் பழக்கம், நாளை அதே நிரலை மெய்யான தடத்தில் ஓட்டும்போது சேதத்தில் முடியும். ஆகையால் திருப்பு, காத்திரு, அணை என்ற மூன்றையும் ஒரே வேலையாகக் கொண்டு, அந்த வேலைகளை வரிசையில் நிறுத்தி ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தை 0.2 விநாடி என்று வைத்தால் 22 பாதைமாற்றிகளுக்கு ஏறத்தாழ நாலரை விநாடி ஆகும். தொடக்கத்தில் ஒரே ஒரு முறை செலவழிக்கும் அந்த நேரத்தை மிச்சம்பிடிக்க முயலாதீர்கள்.

காத்திருப்பதை நிரலின் முதன்மைச் சுழற்சிக்குள் வைத்து அதை உறங்கவைப்பது இங்கே நேரும் அடுத்த தவறு. அந்த உறக்கத்தில் உணரிகளை வாசிக்க முடியாது. வண்டியை நிறுத்தும் கட்டளையும் போகாது. மேற்கொண்டு ஒன்று: இந்த இடைமுகத்தில் 16 தொடுகைகள் கொண்ட உணரித் தொகுதி ஐந்தை ஒருசேர வாசித்தால் 10 பைட்டுகள் திரும்பி வரும்; அவை வந்து சேர மட்டும் ஏறத்தாழ 46 மில்லி விநாடி ஆகிறது. அந்தப் பதில் முழுவதும் வந்து முடியும்வரை வேறு கட்டளையை இடையில் திணிக்காமல் இருப்பதே பாதுகாப்பு. வண்டியை நிறுத்தும் கட்டளைக்கு வரிசையில் முன்னிடம் தரலாம், தர வேண்டும். ஆனால் அது இரண்டு பொதிகளுக்கு இடையில் நுழையலாமே தவிர ஒரு பொதியின் நடுவில் நுழையக் கூடாது.

குறி: திரையில் தடம் மாறிவிட்டது, வண்டி பழைய வழியிலேயே போகிறது

இதுதான் எல்லோரையும் அதிகம் அலைக்கழிப்பது. ஒரு சோதனை இதை இரண்டாகப் பிளந்துவிடும். வண்டியைப் பாதைமாற்றிக்கு வெகு தொலைவில் நிறுத்துங்கள். கட்டளையை அனுப்பிவிட்டு முழுதாகப் பத்து விநாடி பொறுத்திருந்து வண்டியை மெதுவாக விடுங்கள். இப்போது சரியான தடத்தில் போனால் பிசகு நேரத்தில் இருக்கிறது. இப்போதும் தவறான தடத்தில் போனால் பிசகு பதிவில் இருக்கிறது.

பதிவில் பிசகு என்றால், திரை எதைக் காட்டுகிறது என்று கேட்க வேண்டும். ஜேஎம்ஆர்ஐயில், பாதைமாற்றி திரும்பியதா என்பதை அறியும் பின்னூட்ட முறை ‘நேரடி’ என்று வைக்கப்பட்டிருந்தால், கட்டளை பிறந்த கணத்திலேயே அறிந்த நிலையும் அதே மதிப்பைப் பெற்றுவிடும். தடத்திலிருந்து எந்தச் செய்தியும் வந்து அதை உறுதிசெய்யவில்லை. திரை காட்டுவது நம் விருப்பத்தைத்தான். ஒற்றை உணரி அல்லது இரட்டை உணரிப் பின்னூட்டத்துக்கு மாற்றினால் திரை தடத்தின் சொல்லைக் கேட்கத் தொடங்கும். பின்னூட்டமும் சரியாக இருந்து வண்டி மட்டும் வேறு வழி போனால், திரையில் காணும் படமும் வண்டியை நகர்த்தும் தட இணைப்புப் பட்டியலும் வேறுபட்டிருக்கின்றன. பாதைமாற்றியின் மூன்று முனைகளில் எது எந்தத் தடத்தோடு சேர்கிறது என்று அந்தப் பட்டியலில் எழுதப்பட்டதை, படத்தை மறந்துவிட்டு வரிவரியாக வாசியுங்கள்.

நேரத்தில் பிசகு என்றால் தூரக் கணக்குப் போட வேண்டும். 1:87 அளவுள்ள தடத்தில், மெய்யான ரயிலின் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 19 சென்டிமீட்டராகிறது. மெதுவாகத் திருப்பும் மோட்டார் மூன்று விநாடி எடுத்துக்கொண்டால், அந்த மூன்று விநாடியில் வண்டி 57 சென்டிமீட்டர் கடந்துவிடும். உணரி வாசிப்பில் கழியும் நேரமும் வரிசையில் காத்திருந்த நேரமும் இதன்மேல் கூடும். நாக்கு திரும்பியதற்கான உறுதி வராவிட்டால் வண்டியை நிறுத்தியாக வேண்டும் என்பதால், அந்த வேகத்தில் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரமும் கூடும். இந்தக் கூட்டுத்தொகைக்கு முன்னால் கட்டளை போயிருக்க வேண்டும். பாதைமாற்றிக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும் உணரியைத் தொட்ட பிறகு கட்டளை அனுப்புகிற நிரல், மெதுவான வண்டியிடம் பிழைத்து வேகமான வண்டியிடம் தோற்கும். அந்த இடத்தில் தாமதங்களை மாற்றிமாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. கட்டளையை முந்தைய உணரிக்கு நகர்த்துங்கள். உறுதி வரும்வரை வண்டியை உள்ளே விடாதீர்கள்.

குறி: வண்டியின் முன்பகுதி ஒரு தடத்திலும் பின்பகுதி வேறு தடத்திலும் போகிறது

வண்டி மேலே நிற்கும்போதே பாதைமாற்றி திரும்பியிருக்கிறது. மெய்யான ரயில்பாதையில் இது உயிரைக் கேட்கும் பிழை. பாயிண்ட்டுகளையும் சிக்னல்களையும் ஒன்றோடொன்று பூட்டி, முரணான நிலைகளை இயந்திர அளவிலேயே தடுக்கும் ஏற்பாட்டுக்கு இங்கிலாந்தின் ஜான் சாக்ஸ்பி 1856-இல் காப்புரிமை பெற்றார். ஆபத்தான கட்டளை இடப்பட்டாலும் அது நிறைவேறக் கூடாது என்ற அந்தச் சிந்தனையை நம் நிரலும் அப்படியே ஏற்க வேண்டும்.

வண்டி மேலே இருக்கும்போது பாதைமாற்றியைத் திருப்ப விடாத பூட்டு நிரலில் இருந்தும் இது நேர்கிறது என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். பாதைமாற்றியைத் தாண்டியவுடன் இருக்கும் உணரியை இன்ஜின் தொட்டதும் ‘வண்டி கடந்துவிட்டது’ என்று எண்ணிப் பூட்டைத் திறந்துவிடுவது ஒன்று. உணரி சொன்னது வண்டியின் தலையைப் பற்றி மட்டும். 90 சென்டிமீட்டர் நீள வண்டி விநாடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் முழுவதுமாகத் தாண்ட மேலும் ஐந்து விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். வால் கடந்ததை நீளத்தைக் கொண்டு கணக்கிட வேண்டும், அல்லது அந்தத் தடப்பகுதி முழுவதும் காலியானதை உறுதிசெய்யும் உணரி வேண்டும். பூட்டைச் சோதிக்கும் தருணம் இரண்டாவது இடம். கட்டளை உருவாகும்போது பாதை காலியாக இருந்திருக்கும். அது வரிசையில் ஒரு விநாடி காத்திருந்து வெளியேறும்போது வண்டி உள்ளே வந்திருக்கும். ஆகவே பூட்டைக் கட்டளை உருவாகும் இடத்தில் ஒரு முறையும், பைட்டுகள் வெளியேறும் வாயிலில் இன்னொரு முறையும் சோதியுங்கள். இரண்டாவது சோதனையே நம்மைக் காப்பது.

குறி: நிலை ‘முரண்’ என்பதிலேயே நின்றுவிடுகிறது

நாக்கு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் இடைவேளையில் ‘முரண்’ என்று காட்டுவது சரியே. மெதுவான மோட்டாரில் அது மூன்று விநாடி நீடிக்கலாம். அதை மறைக்க முயல வேண்டாம். நீடித்துக்கொண்டே இருந்தால், இரட்டை உணரிப் பின்னூட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டு, சிமுலேட்டரில் அந்த உணரிகளை யாரும் இயக்காமல் விட்டிருக்கலாம். இரண்டும் அணைந்திருந்தாலும் முரண்தான், இரண்டும் எரிந்தாலும் முரண்தான். உணரிகளைக் கையால் மாற்றிப் பாருங்கள். நிலை உடனே தெளிந்தால் பாதைமாற்றியில் குறை இல்லை. பதில் சொல்லும் பகுதியை எழுதி முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

குறி: யாரும் சொல்லாமலே முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டிருக்கிறது

நேரங்களை எழுதி வைத்த கோப்பில் அந்தப் பாதைமாற்றியின் எண்ணை மட்டும் பிரித்தெடுத்து, கட்டளைகள் எங்கிருந்து பிறந்தன என்று பாருங்கள். ஏறக்குறைய எப்போதும் இரண்டு ஊற்றுகள் இருக்கும். முதல் பாதைமாற்றி மாறினால் இரண்டாவதை மாற்று என்று ஒரு விதியும், இரண்டாவது மாறினால் முதலாவதை மாற்று என்று வேறொரு விதியும் எழுதப்பட்டு, ஒன்று மற்றொன்றைத் தூண்டிக்கொண்டிருக்கும். அல்லது இரண்டு வண்டிகளின் வழித்தடங்கள் ஒரே பாதைமாற்றியை எதிரெதிர்ப் பக்கங்களில் கேட்டுக்கொண்டிருக்கும். முதலாவதற்கு மருந்து, பாதைமாற்றியின் மாற்றத்தைக் கேட்டு மற்றொரு பாதைமாற்றியை மாற்றும் விதிகளையே நீக்கி, இரண்டையும் ஒரே வழித்தடக் கட்டளையின் கீழ்க் கொண்டுவருவது. இரண்டாவதற்கு மருந்து, வழித்தடத்தை முன்பதிவு செய்வது. ஒரு வண்டி முன்பதிவு செய்த பாதைமாற்றியை அது விடுவிக்கும்வரை மற்ற வண்டி கேட்டுப் பெற முடியாது. பெறாத வண்டி காத்திருக்க வேண்டும். கடைசியாக வந்த கட்டளையே வெல்லும் என்று விட்டுவைத்த நிரலில் இந்தப் பிழைக்கு முடிவே இல்லை.

குறி: இணைப்புத் தடத்தில் ஒரு முனை மட்டும் திரும்புகிறது

இரண்டு இணைத் தடங்களைச் சேர்க்கும் குறுக்கு இணைப்பில் இரண்டு பாதைமாற்றிகளும் ஒரே மனதோடு இருக்க வேண்டும். ஒன்று கிளையிலும் மற்றது நேரிலும் இருக்கும் இடைப்பட்ட நிலையில் வண்டியை விட்டால், அது எதிர்த்தடத்தின் நாக்கைப் பக்கவாட்டில் முட்டும். இரண்டுக்குமான கட்டளைகளை ஒரே வேலையாக வரிசையில் வைத்து, இரண்டின் உறுதியும் வந்த பிறகே அந்த வழித்தடம் தயார் என்று அறிவிக்க வேண்டும்.

மூன்று திசைகளில் பிரியும் பாதைமாற்றிக்கு இரண்டு மோட்டார்கள், இரண்டு எண்கள். இரண்டு எண்களுக்கும் இரண்டிரண்டு நிலைகள் என நான்கு சேர்க்கைகள் வருகின்றன, தடமோ மூன்றுதான். இரண்டும் கிளையில் இருக்கும் நான்காவது சேர்க்கை செல்லாதது. இடக் கிளையிலிருந்து வலக் கிளைக்கு மாறும்போது, முதலில் இடப்பக்க எண்ணை நேராக்கி, அதன் பின்னரே வலப்பக்க எண்ணைக் கிளைக்குத் திருப்புங்கள். வரிசை மாறினால் ஒரு கணமேனும் அந்தச் செல்லாத நிலை தோன்றும்.

குறி: கிளைப் பக்கத்திலிருந்து வண்டி வந்து போன பிறகு பதிவு பிசகிவிடுகிறது

இரண்டு தடங்கள் ஒன்றாகச் சேரும் திசையில் வரும் வண்டி, தனக்கு எதிராக வைக்கப்பட்ட நாக்கைச் சந்திக்கும்போது என்ன நடக்கும் என்பதைச் சிமுலேட்டர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முடிவுசெய்கிறது. தடம்புரள வைப்பவை உண்டு, கண்டுகொள்ளாதவை உண்டு, சக்கரம் நாக்கைத் தள்ளித் தனக்கேற்பத் திருப்பிக்கொள்வதாகக் காட்டுபவையும் உண்டு. மூன்றாவது வகையில், நிரல் எந்தக் கட்டளையும் இடாமல் நிலை மாறிவிடுகிறது. பின்னூட்டம் இல்லாத பதிவு பழையதாகிப்போகிறது. இந்தத் திசையில் வரும் வண்டிக்கும் பாதைமாற்றியை முன்கூட்டியே உரிய பக்கம் திருப்பி வைக்கும்படி எழுதினால் மூன்று வகைகளிலும் நிரல் சரியாக ஓடும்.

குறி: இயல்பு வேகத்தில் சரி, காலத்தை விரைவுபடுத்தினால் மட்டும் பிழை

சிமுலேட்டர் காலத்தைத் துண்டு துண்டாக நகர்த்துகிறது. ஒரு துண்டு 0.1 விநாடி என்றால், மேற்சொன்ன வேகத்தில் வண்டி ஒவ்வொரு துண்டிலும் 1.9 சென்டிமீட்டர் தாவுகிறது. துண்டின் அளவைக் கூட்டி காலத்தைப் பத்து மடங்காக்கினால் 19 சென்டிமீட்டர் தாவும். இடையில் இருக்கும் உணரியும் நாக்கும் வண்டியின் கண்ணில் படாமலே போகலாம். துண்டைச் சிறியதாகவே வைத்து, ஒரு மெய் விநாடியில் அதிகத் துண்டுகளை ஓட்டுவதுதான் சரியான விரைவு. இதோடு, நிரலின் காத்திருப்புகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கின்றனவா, சிமுலேட்டரின் கடிகாரத்தைப் பார்க்கின்றனவா என்றும் சோதியுங்கள். சுவர்க் கடிகாரத்தில் 0.2 விநாடி காத்திருக்கும் நிரலுக்கு, பத்து மடங்கு வேகத்தில் ஓடும் தடத்தில் இரண்டு விநாடி கடந்துபோயிருக்கும்.

குறி: மூடித் திறந்தால் முதல் வண்டி தவறான தடத்தில் போகிறது

முந்தைய ஓட்டத்தின் முடிவில் எழுதி வைத்த பதிவை அடுத்த ஓட்டத்தின் தொடக்கத்தில் நம்புவதால் இது வருகிறது. இடையில் சிமுலேட்டர் தன் தொடக்க நிலைக்குத் திரும்பியிருக்கலாம். யாராவது கையால் சொடுக்கியிருக்கலாம். தொடக்கத்தில் எல்லாப் பாதைமாற்றிகளின் பதிவையும் ‘தெரியாது’ என்று வையுங்கள். ‘ஏற்கெனவே நேராகத்தான் இருக்கிறது, கட்டளை வேண்டாம்’ என்று நிரல் மிச்சம்பிடிக்கும் வழியைத் தொடக்கத்துக்கு மட்டுமாவது அடைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் வெளிப்படையாகக் கட்டளை அனுப்பி, பின்னூட்டம் உள்ளவற்றுக்கு அதை எதிர்பாருங்கள். ஒரு பாதைமாற்றியின் பதிவு இன்னும் ‘தெரியாது’ என்றே இருக்குமானால் அதைத் தொடும் எந்த வழித்தடத்தையும் முன்பதிவுக்கு விடக் கூடாது. அந்த ஒன்றைக் கையால் திருப்பிப் பார்த்து, இந்தப் பக்கத்தின் முதல் குறியிலிருந்து தேடலைத் தொடங்க வேண்டும்.